சர்க்கரை, எடைக்குறைப்பு ஊசிகள் மீதான வழக்குகள்: நோயின் கடுமையை விடச் சோதனையின் தேதி முக்கியமாவது ஏன்?

ஓஸெம்பிக், வெகோவி, மவுன்ஜாரோ போன்ற ஊசிகளின் பக்கவிளைவுகளுக்காக அமெரிக்காவில் தொடுக்கப்பட்டிருக்கும் வழக்குகளைப் பலரும் கூட்டு வழக்கு என்று எழுதுகிறார்கள். அது சரியல்ல. கூட்டு வழக்கில் ஒருவர் எல்லோருக்காகவும் வாதாடுவார், வருகிற தீர்ப்பு எல்லோரையும் கட்டுப்படுத்தும். இங்கே ஒவ்வொரு நோயாளியின் வழக்கும் தனி வழக்கு. ஒவ்வொருவரும் தன் உடலில் என்ன நடந்தது, எந்த மருந்தால் நடந்தது என்பதைத் தனியாக நிரூபிக்க வேண்டும். எல்லா வழக்குகளுக்கும் பொதுவான ஆவண விசாரணையும் நிபுணர் சாட்சியமும் மட்டும் ஒரே நீதிபதி முன் நடக்கின்றன. எம்.டி.எல். எனப்படும் இந்த ஏற்பாடு 1968-இல் வந்த ஒரு கூட்டாட்சிச் சட்டத்தின்படி நடப்பது.

இந்த ஊசிகள் சேர்ந்த ஜி.எல்.பி.-1 வகை மருந்துகளுக்கான எம்.டி.எல். 2024 பிப்ரவரியில் ஃபிலடெல்ஃபியாவில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றத்தில் உருவானது. அதன் எண் 3094. முதலில் நீதிபதி ஜீன் பிராட்டரிடம் இருந்தது. அந்த ஆண்டு மே மாதம் அவர் காலமானதும் நீதிபதி கேரன் மார்ஸ்டனிடம் வந்தது. எதிர்த்தரப்பில் ஓஸெம்பிக், வெகோவி, ரிபெல்சஸ், விக்டோசா, சாக்செண்டா ஆகியவற்றைத் தயாரிக்கும் நோவோ நோர்டிஸ்க்கும், ட்ருலிசிட்டி, மவுன்ஜாரோ, ஜெப்பவுண்ட் ஆகியவற்றைத் தயாரிக்கும் எலை லில்லியும் இருக்கின்றன. 2025-இல் வழக்குகளின் எண்ணிக்கை 2000-ஐத் தாண்டியது.

எண்ணிக்கையைப் பார்த்து, சேர்ந்துவிட்டால் ஏதாவது கிடைக்கும் என்று நம்பிக் கையெழுத்துப் போடுபவர்கள் உண்டு. உண்மையில் பெரும்பாலான வழக்குகளின் தலைவிதியை முடிவு செய்வது நோயாளி பட்ட துன்பத்தின் அளவல்ல. எந்த நாளில் எந்தச் சோதனை செய்யப்பட்டது, அந்த நாளில் மருந்தின் லேபிளில் என்ன அச்சாகியிருந்தது, எழுதிக் கொடுத்த மருத்துவருக்கு என்ன தெரிந்திருந்தது என்ற மூன்றும்தான். மாதக்கணக்கில் வாந்தியெடுத்து 20 கிலோ இழந்த ஒருவரின் வழக்கு ஒரு சோதனை அறிக்கை இல்லாததால் விழுந்துவிடலாம். கேட்கக் கொடுமையாக இருக்கிறது. ஆனால் இதை முன்கூட்டியே தெரிந்து வைத்திருப்பவருக்குச் செய்வதற்கு நிறைய இருக்கிறது.

குற்றச்சாட்டு என்ன?

மருந்து கெட்டது என்பது பெரும்பாலும் வழக்கின் மையமல்ல. தெரிந்திருந்த ஆபத்தை, அல்லது தெரிந்திருக்க வேண்டிய ஆபத்தைப் போதுமான அளவு எச்சரிக்கவில்லை என்பதுதான் மையம். யாரை எச்சரிக்க வேண்டும் என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில், மருந்துச் சீட்டின் பேரில் விற்கப்படும் மருந்தைப் பற்றிய எச்சரிக்கை நோயாளிக்கானதல்ல, மருத்துவருக்கானது. மருத்துவர் நடுவில் நின்று நிறுவனத்தின் தகவலை எடைபோட்டு நோயாளிக்கு எது ஏற்றது என்று முடிவு செய்கிறார் என்பது கோட்பாடு. அதனால் வழக்கில் மிக முக்கியமான சாட்சி நோயாளி அல்ல, மருந்தை எழுதிக் கொடுத்தவர். "இந்த எச்சரிக்கை லேபிளில் இருந்திருந்தாலும் இதே மருந்தைத்தான் எழுதியிருப்பேன்" என்று அவர் வாக்குமூலம் கொடுத்துவிட்டால், பல மாநிலங்களில் வழக்கு அங்கேயே முடிந்துவிடும். நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் மட்டும் 1999-இல் ஒரு விலக்கு தந்தது. நிறுவனம் நுகர்வோரிடமே நேரடியாக விளம்பரம் செய்திருந்தால் மருத்துவரைக் காட்டித் தப்பிக்க முடியாது என்றது. தொலைக்காட்சியில் ஓயாமல் விளம்பரம் செய்யப்பட்ட மருந்துகளுக்கு இது பொருந்த வேண்டியது நியாயம்தான். ஆனால் மற்ற மாநிலங்கள் பெரும்பாலும் இந்த வழியில் வரவில்லை.

லேபிள் வரலாறு அடுத்தது. ஓஸெம்பிக் 2017 டிசம்பரில் அனுமதி பெற்றது. குமட்டல், வாந்தி, வயிற்றுவலி, இரைப்பை காலியாவது தாமதமாகும் என்ற விவரம் ஆகியவை ஆரம்பம் முதலே அதன் லேபிளில் இருந்தன. நிறுவனத்தின் முதல் தற்காப்பு அதுதான்: சொல்லித்தானே விற்றோம். வழக்காடுபவர்களின் பதில் வேறு. சிலநாள் குமட்டலும், சாப்பிட்டது நாள்கணக்கில் இரைப்பையிலேயே தங்கிப்போகும் இரைப்பை முடக்கமும் ஒன்றல்ல. முன்னதைச் சொல்லிவிட்டுப் பின்னதைச் சொல்லாமல் விட்டது எச்சரிக்கை ஆகாது என்கிறார்கள். லில்லியின் மவுன்ஜாரோ லேபிளில், கடுமையான இரைப்பை முடக்கம் உள்ளவர்களிடம் மருந்து சோதிக்கப்படவில்லை, ஆகவே அவர்களுக்குப் பரிந்துரைக்கப்படுவதில்லை என்ற வரி இருந்தது. ஆனால் ஏற்கெனவே நோய் உள்ளவர் இதைத் தவிர்க்கட்டும் என்று சொல்வது வேறு, இல்லாதவருக்கு இந்த மருந்தே அந்த நோயைக் கொண்டுவரலாம் என்று சொல்வது வேறு. குடல் இயக்கம் நின்றுபோகும் நிலையான இலியஸ், சந்தைக்கு வந்த பிறகு பதிவான விளைவாக ஓஸெம்பிக் லேபிளில் 2023 செப்டம்பரில் சேர்ந்தது. மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றில் இருப்பது நுரையீரலுக்குள் போகும் ஆபத்து பற்றிய எச்சரிக்கை 2024 நவம்பரில் வந்தது. ஒருவர் ஊசி போட்டுக்கொண்ட காலம் இந்தத் தேதிகளுக்கு முன்னா பின்னா என்பதைப் பொறுத்து வழக்கின் பலம் மாறும்.

அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. ஒப்புதல் தந்த லேபிளுக்கு நிறுவனத்தைக் குறை சொல்ல முடியுமா என்ற கேள்விக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2009-இல் வைத் - லெவின் வழக்கில் பதில் சொன்னது. லேபிளுக்குப் பொறுப்பு எப்போதும் நிறுவனத்துடையதே. புதிய தகவல் கிடைத்தால் எஃப்.டி.ஏ.வின் முன் அனுமதிக்குக் காத்திராமலே எச்சரிக்கையை வலுப்படுத்த விதி இடம் தருகிறது. அந்த மாற்றத்தை எஃப்.டி.ஏ. நிச்சயம் மறுத்திருக்கும் என்பதற்குத் தெளிவான ஆதாரம் காட்டினால்தான் நிறுவனம் தப்பலாம். அது போதுமான ஆதாரமா என்று முடிவு செய்ய வேண்டியவர் நீதிபதி, ஜூரி அல்ல என்று 2019-இல் மெர்க் - ஆல்பிரெக்ட் வழக்கில் அதே நீதிமன்றம் சேர்த்துச் சொன்னது. இந்த ஒரு வாதம் எத்தனை ஆயிரம் வழக்குகளைக் கவிழ்க்கும் என்பதற்கு முன்னுதாரணம் உண்டு. அது கீழே வருகிறது.

இரைப்பைச் சோதனை

இந்த மருந்துகள் வேலை செய்யும் விதத்திலேயே சிக்கல் இருக்கிறது. பசியைக் குறைப்பதோடு இரைப்பை காலியாகும் வேகத்தையும் இவை குறைக்கின்றன. ஆகவே மருந்து உடலில் இருக்கும்போது சோதித்தால் தாமதம் தெரிவது இயல்பு. அது நோயா, மருந்தின் எதிர்பார்த்த வேலையா? மருந்தை நிறுத்திய பின் சோதித்தால் இயல்பாக இருக்கலாம். அப்போது பாதிப்பே இல்லை என்பார்கள். ஓஸெம்பிக், வெகோவியில் உள்ள செமாக்ளூடைடின் அரை ஆயுள், அதாவது உடலில் அதன் அளவு பாதியாகும் காலம், ஏறக்குறைய ஒரு வாரம். கடைசி ஊசிக்குப் பிறகு சுமார் 5 வாரம் அது உடலில் இருக்கும். மவுன்ஜாரோவில் உள்ள டிர்செபடைடுக்கு அரை ஆயுள் ஏறத்தாழ 5 நாள். போதாக்குறைக்கு, நீண்டகாலச் சர்க்கரை நோயே இரைப்பை நரம்புகளைக் கெடுத்து இதே முடக்கத்தைத் தரும். ஆகவே ஒரு சர்க்கரை நோயாளி மருந்தைக் குற்றம் சொன்னால், நோயைக் காட்டுவது எதிர்த்தரப்புக்கு மிக எளிது.

2025 ஆகஸ்டில் நீதிபதி மார்ஸ்டன் இந்த இடத்தில்தான் கோடு போட்டார். மருந்தால் இரைப்பை முடக்கம் வந்தது என்று வழக்காடுபவர், முறையாகச் செய்யப்பட்ட இரைப்பை காலியாதல் சோதனையின் அடிப்படையில் அந்த நோய் கண்டறியப்பட்டதைக் காட்ட வேண்டும். அறிகுறிகளை வைத்து மருத்துவர் எழுதிய குறிப்பு மட்டும் போதாது. எம்.டி.எல்.லில் ஏராளமான வழக்குகள் இரைப்பை முடக்கத்தை மையமாக வைத்தவை என்பதால் இந்தத் தீர்ப்பின் பாதிப்பு பெரிது.

முறையான சோதனை என்றால் என்ன என்பதில் மருத்துவ உலகில் 2008 முதல் ஒருமித்த நெறிமுறை உண்டு. இரவு முழுக்கப் பட்டினி. காலையில் முட்டை வெள்ளைக்கரு, 2 துண்டு ரொட்டி, ஜாம், தண்ணீர். முட்டையில் டெக்னீசியம் 99எம் என்ற கதிரியக்கப் பொருள் சிறிதளவு கலந்திருக்கும். சாப்பிட்ட உடனும், 1, 2, 4 மணி நேரத்திலும் காமா கேமரா படம் எடுக்கும். 2 மணி நேரத்தில் 60 விழுக்காட்டுக்கு மேல் அல்லது 4 மணி நேரத்தில் 10 விழுக்காட்டுக்கு மேல் உணவு தங்கியிருந்தால் தாமதம். எங்கே தவறு நடக்கிறது? பல மருத்துவமனைகள் வசதிக்காக 90 நிமிடத்திலோ 2 மணி நேரத்திலோ நிறுத்திவிடுகின்றன. ஓட்ஸ் போன்ற வேறு உணவைத் தருகின்றன. அப்போது மேலே சொன்ன அளவுகோல் பொருந்தாது. ஓபியாய்டு வலிமாத்திரைகளை 2, 3 நாள் முன்பே நிறுத்தாமல் சோதித்தால் தாமதம் அவற்றால் வந்தது என்று சொல்ல இடம் கிடைக்கிறது. அன்று காலை ரத்தச் சர்க்கரை 275 மி.கி.க்கு மேல் இருந்தாலும் அதே கதைதான், உயர் சர்க்கரையே இரைப்பையை மெதுவாக்கும். சாப்பிட்டதும் பாதி வாந்தியாகப் போய்விட்டால் கணக்கே செல்லாது. அறிக்கையில் இந்த விவரங்கள் பதிவாகியிருக்கின்றனவா என்று இரு தரப்பு நிபுணர்களும் வரிவரியாகப் பார்ப்பார்கள்.

சோதனையை வழக்குக்காகச் செய்துகொள்ள வேண்டும் என்பதல்ல இதன் பொருள். அறிகுறிகள் நீடித்தால் அது சிகிச்சைக்கே தேவைப்படுகிற சோதனை. அதைக் கேட்டுப் பெறும் உரிமை நோயாளிக்கு உண்டு. மருந்தை நிறுத்திவிட்டுச் செய்வதா, தொடரும்போதே செய்வதா என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். சர்க்கரை மருந்தைத் தானாக நிறுத்திவிட்டுச் சோதனைக்குப் போவது ஆபத்து.

குடல் அடைப்பு, இலியஸ், பித்தப்பை அழற்சி போன்ற குற்றச்சாட்டுகளுக்கு வேறு சான்று வேண்டும்: சி.டி. ஸ்கேன், அறுவைச் சிகிச்சைக் குறிப்பு, எடுத்த பித்தப்பையின் திசு அறிக்கை. அவசரப் பிரிவுக்குப் போனவர்களிடம் இவை பெரும்பாலும் இருக்கும் என்பதால் இந்த வகை வழக்குகளில் நோயை நிறுவுவது எளிது. காரணத்தை நிறுவுவதில்தான் போராட்டம். இதற்கு அடிக்கடி காட்டப்படுவது, பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023 அக்டோபரில் ஜாமா மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வு. சர்க்கரை நோய் இல்லாமல் எடைக்காக மருந்து எடுத்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டதால் "சர்க்கரைதான் காரணம்" என்ற பதிலுக்கு அங்கே இடமில்லை. வேறொரு எடைக்குறைப்பு மருந்தான புப்ரோபியான்-நால்ட்ரெக்சோன் எடுத்தவர்களோடு ஒப்பிட்டபோது கணைய அழற்சி 9.09 மடங்கு, குடல் அடைப்பு 4.22 மடங்கு, இரைப்பை முடக்கம் 3.67 மடங்கு அதிகம். ஆனால் செமாக்ளூடைடு எடுத்தவர்கள் அந்த ஆய்வில் 613 பேர்தான். நிபுணர் சாட்சியத்தை ஏற்கலாமா என்று நீதிபதி எடைபோடும் விசாரணையில் இத்தகைய வரம்புகள் கடுமையாகத் துருவப்படும். 2023 டிசம்பரில் திருத்தப்பட்ட சாட்சிய விதி, நிபுணரின் முறை நம்பகமானது என்று காட்டும் சுமை அவரை அழைத்துவந்த தரப்புக்கே என்று அழுத்திச் சொல்கிறது.

கண்

விடியற்காலையில் எழும்போது ஒரு கண்ணில் வலியில்லாமல் பார்வை மங்கிப்போவது, பார்வை நரம்பின் முன்பகுதிக்கு ரத்தம் குறைவதால் வரும் பாதிப்பு. நயான் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். 2024 ஜூலையில் ஹார்வர்டைச் சேர்ந்த கண் மருத்துவமனை ஒன்றின் ஆய்வு செமாக்ளூடைடையும் இதையும் இணைத்தது. சர்க்கரை நோயாளிகளிடம் 4.28 மடங்கு, எடைக்காக எடுத்தவர்களிடம் 7.64 மடங்கு. 2025 ஜூனில் ஐரோப்பிய மருந்து முகமையின் பாதுகாப்புக் குழு, இது செமாக்ளூடைடின் மிக அரிதான பக்கவிளைவு, 10,000 பேரில் ஒருவர் வரை வரலாம் என்று முடிவு செய்து மருந்து விவரக் குறிப்பில் சேர்க்கப் பரிந்துரைத்தது. அமெரிக்காவில் இந்த வழக்குகள் வயிற்று வழக்குகளோடு கலக்கப்படாமல் 2025 டிசம்பரில் தனி எம்.டி.எல். ஆயின.

ஒரு நோய்க்கு ஒழுங்குமுறை அமைப்பே தொடர்பை ஏற்றுக்கொள்வது வழக்காடுபவருக்குப் பெரிய பலம். இருந்தாலும் சர்க்கரை, உயர் ரத்த அழுத்தம், தூக்கத்தில் மூச்சுத் திணறல் எல்லாம் தாமாகவே நயானுக்குக் காரணமாகக் கூடியவை. பாதிப்பு வந்த முதல் சில நாட்களிலேயே பார்வை நரம்பின் வீக்கத்தைக் காட்டும் படம், பார்வைப் புலச் சோதனை, ரத்த நாள அழற்சி இல்லை என்று காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ரத்தப் பரிசோதனை ஆகியவை பதிவாகியிருக்க வேண்டும். சில வாரங்களில் வீக்கம் வடிந்துவிடும்; பிறகு நரம்பு வெளிறியிருப்பதுதான் தெரியும், எதனால் வெளிறியது என்று சொல்வது கடினமாகிவிடும்.

முன்பு நடந்தவை

பையெட்டா, ஜனுவியா போன்ற, இவற்றோடு உறவுள்ள சர்க்கரை மருந்துகள் கணையப் புற்றுநோயைத் தருவதாகத் தொடரப்பட்ட வழக்குகள் கலிபோர்னியாவின் சான் டியாகோவில் எம்.டி.எல். 2452 ஆகக் குவிந்தன. 2015-இல் நீதிபதி, அந்த எச்சரிக்கையை எஃப்.டி.ஏ. மறுத்திருக்கும் என்று சொல்லி எல்லாவற்றையும் தள்ளினார். 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2021-இல் மறுபடியும் நிறுவனங்களின் பக்கமே முடிவு வந்தது. வருடக்கணக்கில் காத்திருந்தவர்களுக்கும் அவர்களின் குடும்பங்களுக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. இப்போதைய வழக்குகளைப் பற்றி நம்பிக்கையாகப் பேசுபவர்கள் இதைச் சொல்வதே இல்லை, சொல்லியாக வேண்டும்.

ஆக்டோஸ் வேறு விதமாக முடிந்தது. பியோகிளிட்டசோன் என்ற அந்த மாத்திரை சிறுநீர்ப்பைப் புற்றுநோயோடு இணைக்கப்பட்டது. 2014-இல் லூசியானாவின் லஃபாயெட்டில் ஜூரி அதைத் தயாரித்த டகேடாவுக்கும், சேர்ந்து விற்ற லில்லிக்கும் சேர்த்து 900 கோடி டாலர் தண்டனைத் தொகை விதித்தது. நீதிபதி அதைச் சுமார் 3 கோடியே 68 லட்சம் டாலராகக் குறைத்தார். ஆனால் டகேடா ஆவணங்களைப் பாதுகாக்காமல் அழித்தது அந்த விசாரணையில் ஜூரியின் முன் வந்துவிட்டது. அதன் பிறகு 2015-இல் சுமார் 9000 வழக்குகளுக்காக 237 கோடி டாலரில் தொடங்கும் சமரசத்துக்கு நிறுவனம் சம்மதித்தது. தொகையை எல்லோருக்கும் சமமாகப் பிரிக்கவில்லை. வயது, புகைப்பழக்கம், எவ்வளவு காலம் மாத்திரை எடுத்தார் என்று பார்த்தே பங்கு போட்டார்கள்.

எடைக்குறைப்பு மருந்துகளில் மிகப் பெரிய பாடம் ஃபென்-ஃபென் என்ற இரு மருந்துச் சேர்க்கை. இதய வால்வைக் கெடுப்பது தெரியவந்ததும் அதிலிருந்த ஃபென்ஃபுளூரமின் 1997 செப்டம்பரில் சந்தையிலிருந்து எடுக்கப்பட்டது. அந்த வழக்குகளும் ஃபிலடெல்ஃபியாவில்தான் நடந்தன. இழப்பீட்டு அட்டவணை எக்கோ கார்டியோகிராம் அளவுகளை வைத்துப் போடப்பட்டது. விரைவில் மொத்தமாக எக்கோ எடுத்து, இல்லாத கசிவை இருப்பதாக எழுதும் முகாம்கள் முளைத்தன. 2002-இல் நீதிமன்றம் எல்லாக் கோரிக்கைகளையும் ஒன்றுவிடாமல் தணிக்கை செய்ய உத்தரவிட்டது. உண்மையாகவே வால்வு கெட்டவர்களும் வருடக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது. இரைப்பைச் சோதனையில் இப்போது நீதிமன்றம் காட்டும் கண்டிப்பை அந்த அனுபவத்தோடு சேர்த்துப் பார்த்தால்தான் முழுதாகப் புரியும்.

எந்த மருந்து, எப்போது

இந்த ஊசிகளுக்குத் தட்டுப்பாடு இருந்த காலத்தில் லட்சக்கணக்கானவர்கள் வாங்கியது நோவோவின் ஊசிப் பேனாவோ லில்லியின் பேனாவோ அல்ல, மருந்தகம் குப்பியில் கலந்து தந்த செமாக்ளூடைடு. அந்தக் குப்பியால் பாதிக்கப்பட்டவர் நோவோ மீது வழக்குப் போட முடியாது. கலந்த மருந்தகம் மீதோ எழுதிக் கொடுத்தவர் மீதோதான் போட வேண்டும். குப்பியிலிருந்து சிரிஞ்சில் எடுக்கும்போது மில்லிகிராம், மில்லிலிட்டர், யூனிட் மூன்றையும் குழப்பி 5 முதல் 20 மடங்கு வரை அதிகமாகப் போட்டுக்கொண்டவர்களைப் பற்றி எஃப்.டி.ஏ. 2024 ஜூலையில் எச்சரித்தது. அது மருந்தின் எச்சரிக்கை பற்றிய வழக்கல்ல, அளவுப் பிழை பற்றிய வழக்கு. இன்னொரு கண்ணி, மருத்துவர் கையில் கொடுத்த இலவச மாதிரிப் பேனா. மருந்தகப் பதிவில் அது வராது. மருத்துவரின் குறிப்பில் அது எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெட்டியையும் அதிலுள்ள தொகுதி எண்ணையும் எறியக் கூடாது.

காலவரம்பு மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டென்னசி, கென்டக்கியில் 1 ஆண்டு, பென்சில்வேனியாவில் 2, நியூயார்க்கில் 3. லூசியானாவில் 2024 ஜூலை 1-க்கு முன் நடந்த பாதிப்புக்கு 1 ஆண்டு, அதன் பிறகு 2. பாதிப்பும் அதன் காரணமும் தெரிந்த, அல்லது தெரிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ணுவது பல மாநிலங்களின் வழக்கம். முதல் வழக்கு 2023 ஆகஸ்டில் லூசியானாவில் தாக்கலாகி நாடெங்கும் செய்தியானது. அன்றே உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று நிறுவனங்கள் வாதாட முடியும். எம்.டி.எல். உருவானதால் இந்தக் கடிகாரம் நிற்காது. வழக்கறிஞர் அலுவலகத்தில் படிவம் நிரப்பியதாலும் நிற்காது. நீதிமன்றத்தில் மனு தாக்கலாகும் நாள்தான் கணக்கு. மிச்சிகனில் எஃப்.டி.ஏ. அனுமதி பெற்ற மருந்துகளுக்கு 1996 முதல் இருந்த சட்டப் பாதுகாப்பு 2024 பிப்ரவரியில்தான் நீங்கியது. அங்குள்ளவர்களுக்கு எந்தத் தேதியில் பாதிப்பு வந்தது என்பதே தனி வாதம்.

ஆவணங்களும் பணமும்

வழக்குத் தாக்கலானதும் வாதியின் விவரப் படிவம் வரும். எந்தெந்த மருந்தகம், எந்த அளவு, எந்த மாதம், முன்பு இருந்த வயிற்று நோய்கள், மற்ற மருந்துகள் என்று பக்கம் பக்கமாகக் கேட்பார்கள். காலக்கெடுவுக்குள் தரவில்லை என்றால் குறைபாட்டு அறிவிப்பு, அதற்கும் பதில் இல்லை என்றால் மறுபடி தொடர முடியாதபடி தள்ளுபடி. எம்.டி.எல்.களில் நல்ல வழக்குகள் பல இப்படித்தான் சத்தமில்லாமல் சாகின்றன. மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 30 நாளுக்குள் தர வேண்டும் என்பது மருத்துவத் தகவல்களுக்கான கூட்டாட்சிச் சட்டமான ஹிப்பாவின் விதி. ஒருமுறை இன்னொரு 30 நாள் நீட்டிக்கலாம். அறிக்கையை மட்டுமன்றி ஸ்கேன் படங்களையும் கேட்டு வாங்க வேண்டும். அறிகுறிகளை மருத்துவரிடம் சொல்லாமல் வீட்டிலேயே பொறுத்துக்கொண்டவருக்குப் பதிவே இருக்காது. சந்திப்புக்குப் பின் மருத்துவர் எழுதிய குறிப்பை மருத்துவமனையின் நோயாளி இணையதளத்தில் அன்றே படித்து, சொன்னது எழுதப்படவில்லை என்றால் திருத்தக் கோருவது நல்லது. திவால் மனு போட்டவர் இந்த வழக்கை அதில் சொத்தாகக் காட்டாமல் விட்டால், பின்னர் வழக்கே நடத்த முடியாமல் போகலாம்.

இணையத்தில் சுற்றும் இழப்பீட்டுத் தொகைகள் வழக்கறிஞர்களின் ஊகங்கள், அவ்வளவுதான். ஒருவேளை தொகை வந்தாலும் கைக்கு வருவது வேறு. வழக்கறிஞர் கட்டணம் பெரும்பாலும் 33 முதல் 40 விழுக்காடு. பொதுவான வேலையைச் செய்த முன்னணி வழக்கறிஞர்களுக்கான பிடித்தமும் நிபுணர், ஆவணச் செலவுகளும் உண்டு. அந்த நோய்க்குச் சிகிச்சைச் செலவைக் கொடுத்திருந்தால், முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் அதைத் திரும்பக் கேட்கும். வருமானம் குறைந்தவர்களுக்கான மெடிக்கெய்டும் தனியார் காப்பீடும் கேட்கலாம். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் கேட்க வேண்டியவை: கட்டணம் செலவைக் கழிக்கும் முன் கணக்கிடப்படுமா பின்பா, வழக்கு தோற்றால் செலவு யாருடையது, வேறு நிறுவனத்துக்கு வழக்கை மாற்றிவிடுவார்களா, என் மாநிலக் காலவரம்பு எந்த நாள் முடிகிறது, அதற்கு முன் மனு தாக்கல் செய்வதாக எழுதித் தருவார்களா. கடைசிக் கேள்விக்கு ஒரு தேதியைப் பதிலாகத் தராதவரிடம் வழக்கை ஒப்படைக்கக் கூடாது.